'டமார்' என்ற சத்தம் சொல்லும் சேதி
(பழைய புல்லட்டில் பேக் ஃபயர் – காரணம் கண்டுபிடிப்பது எப்படி?)

– மூன்றாமாண்டு மாணவன், இயந்திரவியல் பிரிவு

கவிதை எழுதத் தெரிந்த நண்பர்கள் கவிதை எழுதியிருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தது ஸ்பேனரும் கொஞ்சம் கிரீஸும்தான். ஆகவே ஒரு பழைய வண்டியைப் பற்றி எழுதுகிறேன்.

பழைய புல்லட் ஒன்று ரோட்டில் போகும்போது 'டமார்' என்று வெடித்தால் நாய் ஓடும், டீக்கடையில் இருப்பவர்கள் எல்லாம் திரும்பிப் பார்ப்பார்கள். ஓட்டுகிறவர் பட்டறைக்கு வருவார். அங்கே பல இடங்களில் என்ன நடக்கிறது? முதலில் கார்பரேட்டரைக் கழற்றிக் கழுவுவார்கள். பிறகு பிளக் மாற்றுவார்கள். டேப்பட்டைத் தொடுவார்கள். அப்பவும் வெடித்தால், "எஞ்சினை இறக்கிப் பார்த்துடலாம்ணே" என்பார்கள். வண்டிக்காரர் தலையில் கை வைத்து உட்கார்ந்து விடுவார்.

நண்பர்களே! வெடிச் சத்தம் நோய் அல்ல, நோயின் அறிகுறி. காய்ச்சல் வந்தவனுக்கு என்ன காய்ச்சல் என்று பார்க்காமல் ஊசி போடுவது போலத்தான், காரணம் பார்க்காமல் சாமான் மாற்றுவதும். எங்கிருந்து வெடிக்கிறது? எப்போது வெடிக்கிறது? இந்த இரண்டு கேள்விக்கும் பதில் தெரிந்த பிறகுதான் ஸ்பேனரைத் தொட வேண்டும். இக்கட்டுரை சொல்ல வருவது அவ்வளவுதான்.

ஏன் புல்லட்?

ராயல் என்ஃபீல்டு நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து 1955இல் சென்னையில் தொடங்கியதுதான் என்ஃபீல்டு இந்தியா. அன்று வந்த 350 புல்லட்டின் வார்ப்பிரும்பு எஞ்சின் பெரிய மாற்றம் இல்லாமல் அரை நூற்றாண்டுக்கு மேல் ஓடியது. ஒரே சிலிண்டர், 70 மி.மீ. போர், 90 மி.மீ. ஸ்ட்ரோக், 346 சி.சி. புஷ் ராடு, கான்டாக்ட் பாயிண்ட், கண்டென்சர், காயில், கார்பரேட்டர் – பாடப் புத்தகத்தில் படமாகப் பார்த்த எல்லாமே இதில் கையால் தொட்டுப் பார்க்கும் இடத்தில் இருக்கும்.

2020 ஏப்ரல் முதல் தேதி பி.எஸ்.6 விதி வந்த பிறகு புது மோட்டார் சைக்கிள்களில் பெட்ரோல் இன்ஜெக்ஷனும் கம்ப்யூட்டர் பெட்டியும் வந்துவிட்டன. அவை கோளாறை எண் போட்டுக் காட்டும். பழைய வண்டிக்கு அந்த வசதி கிடையாது. அதற்குத் தெரிந்த ஒரே பாஷை சத்தம்தான். ஆனால் காற்று, பெட்ரோல், சரியான நேரத்தில் தீப்பொறி என்ற மூன்று விதியும் இரண்டுக்கும் பொது. பழையதில் புரிந்துகொண்டவனுக்குப் புதியதில் கஷ்டம் இருக்காது.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஒட்டன்சத்திரம் பக்கத்தில் உள்ள என் மாமாவின் பட்டறையில் நான் வேலை செய்கிறேன். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியது நான்தான் முதல் ஆள். மாமா ஐந்தாவதோடு நின்றவர். புத்தகம் 'இக்னிஷன் ரிட்டார்ட்' என்று சொல்வதை அவர் "டைமிங் பின்னாடி நிக்குது மாப்ளே" என்பார். 'லீன் மிக்ஸ்சர்' என்பதை "வண்டி பட்டினி கிடக்குது" என்பார். அவருக்குத் தெரிந்ததற்குப் புத்தகத்தில் பெயர் இருக்கிறது. புத்தகத்தில் இருப்பதற்கு அவர் கையில் உதாரணம் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

வெடிக்கு இரண்டு வாசல்

நாம் எல்லாவற்றையும் 'பேக் ஃபயர்' என்று ஒரே பெயரில் சொல்கிறோம். உண்மையில் இவை இரண்டு வேறு நோய்கள்.

ஒன்று, சைலன்சர் வழியாக வெடிப்பது. சிலிண்டரில் எரியாமல் தப்பிய பெட்ரோல் புகையோடு வெளியே போய், சூடான சைலன்சருக்குள் பற்றிக்கொள்கிறது. புத்தகத்தில் இதற்கு 'ஆஃப்டர் ஃபயர்' என்று பெயர்.

இரண்டு, கார்பரேட்டர் வழியாகத் தும்முவது. இன்லெட் வால்வு திறக்கும்போது உள்ளே நெருப்பு இன்னும் அணையாமல் இருந்தால், அது பின்பக்கமாக வந்து கார்பரேட்டரில் உள்ள புதுக் கலவையைப் பற்ற வைக்கும். சரியான அர்த்தத்தில் பேக் ஃபயர் என்பது இதுதான்.

முதல் வகைக்கு நம் ஹாஸ்டல் ரோட்டிலேயே செய்முறை விளக்கம் உண்டு! ஓடும் வண்டியில் சாவியை ஆஃப் செய்து, ஆக்ஸிலேட்டரைத் திருகிப் பிடித்து, மறுபடி ஆன் செய்து 'டமார்' என்று விடும் வீரர்களைப் பார்த்திருப்பீர்கள். சாவி ஆஃப் ஆன அந்த நேரத்தில் எஞ்சின் பெட்ரோலை உறிஞ்சிக்கொண்டேதான் இருக்கிறது, தீப்பொறி மட்டும் இல்லை. எரியாத கலவை சைலன்சரில் சேர்கிறது. சாவி ஆன் ஆனதும் முதல் நெருப்பு போய் அதைத் தொடுகிறது. வேடிக்கைக்குச் செய்கிற இதே காரியத்தைத்தான், பாயிண்ட் அழுக்கான வண்டி தானாகவே செய்கிறது. சைலன்சர் பிளந்தால் செலவு அப்பாவுக்கு. இதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்!

நூறில் ஒரு பங்கு நேரம்

பெட்ரோல் கலவை ஒரே அடியில் எரிந்து முடிவதில்லை. பிளக்கில் பற்றிய தீ சிலிண்டர் முழுக்கப் பரவக் கொஞ்சம் நேரம் வேண்டும். எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றினால் விநாடிக்கு 50 சுற்று. நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை எரிய வேண்டும். அதாவது விநாடிக்கு 25 தடவை. பவர் ஸ்ட்ரோக் என்பது அரைச் சுற்று. அதற்குக் கிடைக்கும் நேரம் விநாடியில் நூறில் ஒரு பங்குதான். அதற்குள் எரிந்து முடிந்தாக வேண்டும்.

அதனால்தான் பிஸ்டன் உச்சிக்கு வருவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே தீப்பொறி விழும்படி வைக்கிறார்கள். பாயிண்ட் வகை 350 புல்லட்டில், அட்வான்ஸ் எடை மூடிய நிலையில், பிஸ்டன் உச்சிக்கு 0.8 மி.மீ. கீழே இருக்கும்போது பாயிண்ட் திறக்க வேண்டும். வேகம் கூடக் கூட ஆட்டோ அட்வான்ஸ் எடைகள் விரிந்து தீப்பொறியை மேலும் முன்னுக்குக் கொண்டுவரும். இந்த நேரக் கணக்கு பிசகினால் நெருப்பு தவறான வாசலைத் தேடிப் போகும். மீதி எல்லாம் இதன் விளக்கமே.

சைலன்சர் வெடித்தால்...

எப்போது வெடிக்கிறது என்று கவனியுங்கள்.

ஆக்ஸிலேட்டரை விட்டு இறக்கத்தில் வரும்போது மட்டும் 'பட பட' என்றால் பயப்பட வேண்டாம். சைலன்சர் பைப் ஹெட்டில் சேரும் இடத்தைப் பாருங்கள். கரி படிந்த கறுப்புத் தடம் இருந்தால் அங்கே ஒழுக்கு. வெளிக்காற்று அதன் வழியே உள்ளே போய், மிச்சப் பெட்ரோலை எரிய வைக்கிறது. இணைப்பை இறுக்கினாலே பாதி வண்டிகள் அடங்கிவிடும். அடங்காவிட்டால் ஸ்லோ ஜெட்டில் அழுக்கு, அல்லது ஏர் ஸ்க்ரூ அதிகம் வெளியே திருகப்பட்டிருக்கிறது. அந்தத் திருகை உள்ளே திருகினால் காற்று குறையும், கலவை செழிக்கும்.

மேட்டில் ஏறும்போது, பாரம் இழுக்கும்போது விட்டு விட்டு 'டமார்' என்றால் சந்தேகம் தீப்பொறி மேல்தான். சிலிண்டருக்குப் பின்னால் உள்ள சிறு மூடியைக் கழற்றினால் பாயிண்ட் தெரியும். முகம் குழி விழுந்து கறுத்திருந்தால் மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, துணியால் துடைத்து, ஃபீலர் கேஜ் வைத்து 0.35 முதல் 0.40 மி.மீ. இடைவெளி வையுங்கள்.

தொடர்ந்து மந்தமாக இழுத்து, சைலன்சர் பைப் அளவுக்கு மீறிச் சூடாகி, அடிக்கடி வெடித்தால் டைமிங் பின்தங்கியிருக்கிறது. தீ தாமதமாகத் தொடங்குவதால் எக்ஸாஸ்ட் வால்வு திறக்கும்போதும் எரிந்துகொண்டே இருக்கிறது. பழைய வண்டியில் இது தானாகவே வரும். காரணம், பாயிண்ட்டில் கேம் உரசும் ஃபைபர் குதி ஓட ஓடத் தேயும். குதி தேய்ந்தால் இடைவெளி குறையும். இடைவெளி குறைந்தால் பாயிண்ட் தாமதமாகத் திறக்கும். யாரும் கை வைக்காமலே டைமிங் பின்னால் போய்விடும். ஆகவே முதலில் இடைவெளி, அப்புறம்தான் டைமிங். இந்த வரிசையை மாற்றினால் வேலை இரட்டிப்பு.

இன்னொன்று, டிகம்ப்ரஸர். ஸ்டார்ட் செய்ய உதவும் அந்தச் சிறு வால்வு சரியாக மூடாவிட்டால் 'புஸ் புஸ்' என்று விடாமல் ஒரு சத்தம் வரும். அதை வெடி என்று நினைத்துப் பலர் கார்பரேட்டரைக் கழற்றுகிறார்கள். கேபிளைக் கொஞ்சம் தளர்த்திப் பாருங்கள், போதும்.

கார்பரேட்டர் தும்மினால்...

காலையில் குளிர்ந்த எஞ்சின் ஒன்றிரண்டு முறை தும்முவது சகஜம். சோக் போட்டால் சரியாகும். சூடான பிறகும் தும்மினால் முதல் சந்தேகம் பட்டினி, அதாவது பெட்ரோல் குறைந்த கலவை. அது மெதுவாக எரியும். அடுத்த உறிஞ்சலுக்கு வால்வு திறக்கும்வரை கூட உள்ளே கனன்றுகொண்டிருக்கும்.

பட்டினிக்குக் காரணம் மேலிருந்து கீழாகத் தேடவும்: டேங்க் மூடியின் காற்றுத் துவாரம் அடைப்பு, டேப் வடிகட்டியில் துரு, கார்பரேட்டர் கிண்ணத்தில் தண்ணீர், ஜெட்டில் தூசி. எல்லாம் சுத்தமாக இருந்தால், கார்பரேட்டருக்கும் ஹெட்டுக்கும் நடுவே உள்ள இணைப்பில் காற்று புகுகிறதா என்று பாருங்கள். எஞ்சின் ஐடிலில் ஓடும்போது எண்ணெய்க் கேனால் அந்த இணைப்பில் இரண்டு சொட்டு விடுங்கள். எண்ணெயை உறிஞ்சிச் சத்தம் மாறினால் அங்கேதான் ஓட்டை. இந்தச் சோதனைக்குப் பெட்ரோலை மட்டும் தொடவே தொடாதீர்கள்!

அடுத்த சந்தேகம் இன்லெட் வால்வு. டேப்பட் இறுகியிருந்தால் வால்வு முழுசாக மூடாது, நெருப்புக்கு நேர் வழி கிடைத்துவிடும். எஞ்சின் குளிர்ந்தபின், இரண்டு வால்வும் மூடிய உச்சி நிலையில், புஷ் ராடு விரலால் உருட்டினால் சுழல வேண்டும். மேலும் கீழும் ஆட்டம் இருக்கக் கூடாது.

தும்முகிற வண்டியை ஏர் ஃபில்டரைக் கழற்றி வைத்து ஸ்டார்ட் செய்யும்போது முகத்தை அருகே கொண்டுபோகாதீர்கள். பெட்ரோல் டின் பக்கத்தில் இருக்கக் கூடாது, மணல் வாளி இருக்க வேண்டும்.

கிக்கர் திருப்பி அடித்தால்...

இது வெடியின் அண்ணன். டைமிங் அதிகம் முன்னால் போயிருந்தால், நாம் உதைக்கும் அந்த மெதுவான வேகத்தில் பிஸ்டன் உச்சிக்குப் போகுமுன்பே தீப்பற்றி, அதைக் கீழே தள்ளிவிடும். கிக்கர் எகிறிக் கணுக்காலைப் பதம் பார்க்கும். அட்வான்ஸ் ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலும் இதே கதைதான். கேமை விரலால் திருகி விட்டால் 'டக்' என்று தானே திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் ஸ்பிரிங்கையும் துருவையும் கவனிக்கவும்.

முருங்கைக்காய் ஏற்றும் ஒரு வண்டி

சொன்னதெல்லாம் ஒன்றாகச் சேரும் ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். ஒட்டன்சத்திரம் சந்தைக்கு முருங்கைக்காய்க் கட்டு ஏற்றிப் போகும் ஒரு பெரியவர் தன் பழைய வண்டியைக் கொண்டுவந்தார். வேறு ஓர் ஊர்ப் பட்டறையில் இரண்டு முறை கார்பரேட்டர் வேலையும் ஒரு முறை வால்வு வேலையும் செய்திருந்தார்கள். கடைசியில் போர் போடச் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பணம் அவரிடம் இல்லை. "நாளைக்குக் காயலான் கடைக்கு எடைக்குப் போடப் போறேன். அதுக்கு முன்னாடி ஒருதரம் பாத்துருங்க" என்றார். வண்டி போனால் தினமும் காய்க்கு வாடகை ஆட்டோ பிடிக்க வேண்டும். மிச்சம் ஒன்றும் நிற்காது.

மாமா ஸ்பேனரை எடுக்கவில்லை. "எப்ப வெடிக்குது அண்ணே?" என்று மட்டும் கேட்டார். "காலையில கிளம்பும்போது ஒண்ணும் இல்ல. அஞ்சாறு கிலோமீட்டர் தாண்டினா சைலன்சர் வெடிக்கும். டீ குடிச்சிட்டு வந்தா மறுபடி நல்லா ஓடும்." மாமா என்னைப் பார்த்து, "சொல்லு மாப்ளே, சூட்டுல கெட்டு ஆறினா சரியாவறது எது?" என்றார்.

போர் தேய்ந்திருந்தால் டீ குடிக்கும் நேரத்தில் சரியாகாது. ஜெட் அடைப்பும் அப்படித்தான். சூட்டில் மக்கர் செய்து ஆறினால் பிழைப்பது மின்சாரப் பக்கம். அதிலும் கண்டென்சர் அல்லது காயில். வண்டியைச் சூடாகும்வரை ஓட்டிவிட்டு வந்து, முதலில் ஆம்மீட்டரைப் பார்த்தோம். சாவி ஆனில் கிக்கரை மெல்ல அழுத்தினால், பாயிண்ட் மூடும்போது முள் ஒரு பக்கம் சாயும், திறக்கும்போது நடுவுக்கு வரும். அது சரியாக வந்தது. ஆகவே பாயிண்ட் திறந்து மூடுகிறது, கரண்ட் வருகிறது. பிறகு பிளக்கைக் கழற்றி எஞ்சின் மேல் வைத்து உதைத்தோம். தீப்பொறி நீலமாகச் 'சட் சட்' என்று அடிக்காமல் மஞ்சளாகச் சோர்ந்து விழுந்தது. அதே நேரம் மூடி கழற்றிய பாயிண்ட்டில் பளிச் பளிச் என்று பெரிய பொறி. பிளக்கில் விழ வேண்டியது பாயிண்ட்டில் விழுகிறது! கண்டென்சர்தான் என்று முடிவானது. மாற்றிவிட்டு, பாயிண்ட்டைத் தேய்த்து இடைவெளி வைத்தோம். வேறு எதையும் தொடவில்லை.

பெரியவர் நம்பவில்லை. "இம்புட்டுக் குப்பி மாதிரி இருக்கு, இதுவா தம்பி அம்மாம் பெரிய எஞ்சினை வெடிக்க வச்சுது?" என்றார். நான் தரையில் சாக்பீஸால் காயில் படம் போட்டேன். "ஐயா, காயிலில் ஓடுற கரண்ட்டைச் சட்டுனு நிறுத்தினாத்தான் அந்தப் பக்கம் ஆயிரக்கணக்கான வோல்ட் எகிறும். பாயிண்ட் திறக்கும்போது கரண்ட் நிக்க மனசில்லாம இடைவெளியைத் தாவப் பாக்கும். அதைத் தாவ விடாம வாங்கிக்கிறதுதான் இந்தக் குப்பியோட வேலை. இது கெட்டா கரண்ட் மெதுவா நிக்கும், பொறி சோந்து போகும், பெட்ரோல் எரியாம சைலன்சருக்குப் போகும்" என்றேன்.

அவர் கொஞ்சம் யோசித்தார். "வண்டிமாட்டுச் சாட்டை மாதிரி. கையை வீசிட்டுச் சட்டுனு நிறுத்தினாத்தான் நுனி சொடுக்கும். இழுத்துக்கிட்டே போனா சொடுக்காது" என்றார். எந்தப் புத்தகத்திலும் நான் படிக்காத உவமை அது. மறுநாள் அவர் பாரத்தோடு சந்தைக்குப் போய்த் திரும்பினார், ஒரு வெடி இல்லை. மாமா கண்டென்சர் விலையும் கூலியும் மட்டும் வாங்கிக்கொண்டார். எடைக்குப் போக இருந்த வண்டி இன்றைக்கும் காய் ஏற்றுகிறது.

புதுப் பெட்ரோல் ஒரு வார்த்தை

பெட்ரோலில் எத்தனால் கலப்பது நம் நாட்டில் 2003இல் 5 சதவீதமாகத் தொடங்கி, 2025இல் 20 சதவீதத்தை எட்டியது. சுத்தமான பெட்ரோல் ஒரு பங்குக்குச் சுமார் 14.7 பங்கு எடை காற்று வேண்டும். எத்தனாலுக்குச் சுமார் 9 பங்கு போதும். பழைய கார்பரேட்டருக்கு இந்தக் கணக்கு தெரியாது, பழைய அளவிலேயே காற்று விடும். கலவை கொஞ்சம் பட்டினியாகும். முன்பு தும்மாத வண்டி இப்போது தும்முவதற்கு இதுவும் ஒரு காரணம். எத்தனால் தண்ணீரை இழுக்கும் குணம் உள்ளது என்பதால், நாள்கணக்கில் நிறுத்தி வைத்த வண்டியில் கிண்ணத்தை வடித்துவிட்டு ஸ்டார்ட் செய்வது நல்லது. அதற்காக எல்லா வெடிக்கும் பெட்ரோலைக் குறை சொல்லிவிட்டுப் பாயிண்ட்டைப் பார்க்காமல் இருக்கக் கூடாது.

சட்டைப் பையில் வைக்க ஒரு வரிசை

1. எந்த வாசல்? சைலன்சரா, கார்பரேட்டரா?
2. எப்போது? ஸ்டார்ட்டிங்கா, ஐடிலா, பாரத்திலா, ஆக்ஸிலேட்டரை விடும்போதா? குளிர்ச்சியிலா, சூட்டிலா?
3. ஆம்மீட்டர் முள் ஆடுகிறதா? ஆடாமல் நடுவிலேயே நின்றால் பாயிண்ட் அழுக்கு அல்லது வயர் கோளாறு. சாய்ந்தே நின்றால் பாயிண்ட் திறக்கவில்லை அல்லது கண்டென்சர் ஷார்ட்.
4. பிளக் நிறம்: காப்பிப் பொடி நிறம் நலம், வெள்ளை பட்டினி, உலர்ந்த கரி பெட்ரோல் அதிகம், எண்ணெய்ப் பிசுக்கு என்றால்தான் ரிங், போர் பக்கம் பார்க்க வேண்டும்.
5. பொறி நிறம்: நீலமா, மஞ்சளா?
6. பாயிண்ட் இடைவெளி, பிறகு டைமிங், பிறகு அட்வான்ஸ்.
7. காற்று ஒழுக்கு, பெட்ரோல் வரத்து, கார்பரேட்டர்.
8. டேப்பட், வால்வு.
9. எஞ்சினை இறக்குவது கடைசியிலும் கடைசி.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, ஓட்டிப் பார்த்துவிட்டு அடுத்ததுக்குப் போங்கள். நான்கு சாமானை ஒரே நேரத்தில் மாற்றி வண்டி சரியானால், எது கெட்டிருந்தது என்று உங்களுக்கும் தெரியாது, எதற்குக் காசு கொடுத்தோம் என்று வண்டிக்காரருக்கும் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள அவருக்கு உரிமை உண்டு. காரணத்தை அவர் பாஷையிலேயே சொல்லத் தெரிந்தவன்தான் படித்த மெக்கானிக்.

நம் பணிமனையில் வெட்டி வைத்த எஞ்சின் ஒன்று இருக்கிறது. அடுத்த முறை அதன் அருகே போகும்போது, வால்வு மேலும் கீழும் போவதை மட்டும் பார்க்காமல், தீப்பொறி கொஞ்சம் தாமதமானால் நெருப்பு எந்த வழியாகப் போகும் என்று விரலால் தொட்டுப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் மூன்றாமாண்டு வகுப்புக்கு வாருங்கள், பேசலாம்.